தமிழ் வாசிப்பாய்வில் விழித்தாவலைக் கண்டறிதல்

முன்னுரை
படிக்கும்போது கண் வரியின்மீது சீராக நகர்வதில்லை. ஓரிடத்தில் ஏறத்தாழ 200 முதல் 250 மில்லிநொடி நின்று, அடுத்த இடத்துக்குத் தாவுகிறது. நிற்றலை நிலைப்பு என்றும் தாவுதலை விழித்தாவல் (சக்கேடு) என்றும் குறிக்கலாம். சமர் ஹுசைன், ஷ்ரவண் வசிஷ்ட், நாராயணன் சீனிவாசன் ஆகியோர் 2015இல் இந்தி வாக்கியப் புரிதலை இத்தகைய தரவுகொண்டு ஆராய்ந்தனர். தமிழுக்கு இவ்வாய்வு விரியும்போது, தாவலைப் பிரித்தறியும் முறை முடிவுகளையே மாற்றக்கூடும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கண்டறியும் முறைகள்
கண்தடக் கருவி பதிவது பார்வைப் புள்ளிகளை மட்டுமே. தாவல் எது என்பதைக் கணிப்புமுறையே முடிவு செய்கிறது. சால்வுச்சி, கோல்ட்பெர்க் ஆகியோர் 2000இல் இம்முறைகளை வகைப்படுத்தினர். அவற்றுள் ஒன்று, திசைவேகம் ஒரு வரம்பைக் கடந்தால் தாவல் எனக் கொள்வது. மற்றொன்று, புள்ளிகள் சிறு பரப்புக்குள் அடங்கினால் நிலைப்பு எனக் கொள்வது. எங்பெர்ட், கிளீகல் ஆகியோர் (2003) நிலையான வரம்பை விடுத்து, ஒவ்வொரு பதிவின் இரைச்சல் அளவிலிருந்தே வரம்பைக் கணக்கிட்டனர்.

வரம்பும் பதிவு வேகமும்
நொடிக்கு 60 முறை பதியும் கருவியில் இரு புள்ளிகளுக்கிடையே 16.7 மில்லிநொடி கழிகிறது. 1 பாகைத் தாவல் இரண்டு இடைவெளிகளில் சமமாகப் பிரிந்தால் திசைவேகம் நொடிக்கு 30 பாகையாகவே தோன்றும். வரம்பு 40 எனில் அத்தாவல் தவறிவிடும். மாறாக, 1000 முறை பதியும் கருவியில் 0.05 பாகை இரைச்சலே நொடிக்கு 50 பாகை வேகமாகி, இல்லாத தாவலைக் காட்டும். எனவே வேகத்தைக் கணிக்குமுன் தரவைச் சீராக்குதல் வேண்டும்.

தமிழில் இதன் விளைவு
‘எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு’ போன்ற நெடுஞ்சொல்லில் கண் ஒருமுறைக்கு மேல் நிற்பது இயல்பு. சொல்லுக்குள் நிகழும் சிறுதாவல் தவறினால் இரு நிலைப்புகள் ஒரே நீண்ட நிலைப்பாகும். தமிழுடன் தெலுங்கும் கன்னடமும் வழங்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஜவளகிரி போன்ற எல்லையூர்களில் கள ஆய்வுக்கு எளிதில் எடுத்துச்செல்லத்தக்க குறைவேகக் கருவியே பயன்படுமெனில், இந்நீட்சியைப் பன்மொழிச் சிறாரின் வாசிப்புத் தடுமாற்றம் எனப் பிழைபடக் கொள்ள நேரும். குறை கருவியினுடையது, பழி படிப்போர்மீது விழும்.

முடிவுரை
பதிவு வேகம், சீராக்கும் முறை, வரம்பு ஆகிய மூன்றையும் ஆய்வேடு தெரிவித்தல் வேண்டும். வரம்பை மாற்றியும் முடிவு நிலைக்கிறதா எனச் சோதித்தல் வேண்டும். குறைவேகத் தரவில் நிலைப்புகளின் எண்ணிக்கையைவிட, ஒரு சொல்லின்மீது கண் தங்கிய மொத்த நேரமே நம்பத்தகுந்த அளவாகும்.