மகிழுந்து விற்பனையில் கட்டண-தள்ளுபடி முறை: பிரான்சின் போனஸ்-மாலஸ் திட்டத்தை முன்வைத்து

முன்னுரை

புதிய மகிழுந்து வாங்குவோர் அதன் விலையையும் எரிபொருள் செலவையும் கணக்கிடுகின்றனர். அவ்வண்டி தன் ஆயுள் முழுவதும் வெளியிடவிருக்கும் கரியமில வாயுவின் தீங்கு அக்கணக்கில் இடம்பெறுவதில்லை. அத்தீங்கை வாங்கும் பொழுதிலேயே விலையில் ஏற்றிக் காட்டுவது கட்டண-தள்ளுபடி முறையாகும். கிலோமீட்டருக்கு இத்தனை கிராம் என வரையறுத்த அளவை மிஞ்சும் வண்டிக்குக் கட்டணம். அதற்குக் குறைந்த வண்டிக்குத் தள்ளுபடி. கட்டண வருவாயே தள்ளுபடிக்கு முதலாக அமைவதால் கருவூலத்திற்குச் சுமையில்லை என்பர். பிரான்சின் பட்டறிவு இக்கூற்றை மறுபரிசீலனைக்கு உட்படுத்துகிறது.

பிரான்சின் படிநிலைகள்

சுற்றுச்சூழல் குறித்த தேசியக் கலந்தாய்வைத் தொடர்ந்து 2007 டிசம்பரில் தள்ளுபடியும் 2008 சனவரியில் கட்டணமும் நடைமுறைக்கு வந்தன. 131 முதல் 160 கிராம் வரை வெளியிடும் வண்டிகளுக்கு இரண்டும் இல்லை. 121-130 கிராமுக்கு 200 யூரோ, 101-120 கிராமுக்கு 700 யூரோ, 61-100 கிராமுக்கு 1,000 யூரோ எனத் தள்ளுபடி அமைந்தது. கட்டணம் 161 கிராமில் 200 யூரோவாகத் தொடங்கி, 250 கிராமைக் கடந்தால் 2,600 யூரோவை எட்டியது.

இப்படிநிலைகளில் ஒரு குறை உண்டு. 121 கிராம் வண்டி 120 கிராமாகத் திருத்தப்பெற்றால் 500 யூரோ கூடுதலாகக் கிடைக்கும். 119 கிராமிலிருந்து 102 கிராமுக்கு இறங்கினாலோ எதுவும் கிடையாது. பெரிய முயற்சிக்குப் பரிசில்லை என்பதால் உற்பத்தியாளரின் கவனம் எல்லைக்கோட்டிலேயே நிற்க இடமுண்டு.

மையப்புள்ளியின் நகர்வு

திட்டம் எதிர்பார்த்ததைவிட விரைந்து பலித்தது. புதிய வண்டிகளின் சராசரி வெளியீடு 2007இல் 149 கிராமாக இருந்தது. 2008இல் 140 கிராமாயிற்று. அவ்வெற்றியே பற்றாக்குறையாகவும் முடிந்தது: முதலாண்டிலேயே 200 மில்லியன் யூரோவுக்கு மேல் துண்டு விழுந்தது.

காரணத்தை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். மையப்புள்ளி 140 கிராம். ஒவ்வொரு கிராம் வேறுபாட்டிற்கும் 10 யூரோ. 120 கிராம் வண்டிகள் 3 இலட்சமும் 170 கிராம் வண்டிகள் 2 இலட்சமும் விற்கின்றன எனில் தள்ளுபடி 6 கோடி, கட்டணமும் 6 கோடி. 50,000 பேர் பெரிய வண்டியிலிருந்து சிறியதற்கு மாறினால் தள்ளுபடி 7 கோடியாக உயர்ந்து, கட்டணம் 4.5 கோடியாகக் குறையும்; 2.5 கோடி யூரோ பற்றாக்குறை. இப்போது சராசரி 135 கிராம். மையப்புள்ளியும் அதே அளவுக்கு இறங்கினாலன்றிக் கணக்கு நேராகாது. ஆண்டுதோறும் இறங்கும் கோட்டை முன்கூட்டியே அறிவிப்பது பொருளியல் நோக்கில் எளிது; நேற்றுத் தள்ளுபடி பெற்ற வண்டிக்கு நாளை அது இல்லை என்று சொல்வது அரசியல் நோக்கில் எளிதன்று.

சராசரியும் மொத்தமும்

சராசரி குறைவதும் மொத்த வெளியீடு குறைவதும் ஒன்றல்ல. டோல்ட்ஃபோய், ஜிவோர், பூத்தன் ஆகியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வு, இத்திட்டத்தால் மொத்த வெளியீடு உயர்ந்ததாகக் கணித்தது. தள்ளுபடி சிறிய வண்டிகளின் விலையைக் குறைத்தமையால் மொத்த விற்பனை பெருகியது; கூடுதல் வண்டிகளின் உற்பத்தியும் வாயுவை வெளியிடுகிறது; எரிபொருள் செலவு குறைந்தவர் கூடுதல் தொலைவு ஓட்டுவதும் இயல்பே. எனவே குறை தள்ளுபடியின் தாராளத்தில் இருந்தது. விலைவழித் தூண்டல் என்னும் கருத்தில் இல்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. கரியமில வாயு மட்டுமே அளவுகோலானதால் டீசல் வண்டிகள் ஆதாயம் பெற்றன என்பதையும் மறத்தலாகாது. அவற்றின் நுண்துகளும் நைட்ரஜன் ஆக்சைடும் கணக்கில் வரவில்லை.

பின்னாளில் பிரான்சு கட்டணத்தின் பக்கமே சாய்ந்தது: 2024இல் உச்சக் கட்டணம் 60,000 யூரோ, 2022 முதல் வண்டியின் எடைக்கும் தனிக்கட்டணம் உண்டு. நியூசிலாந்து வேறு வழியில் சென்றது. அங்கே 2021 சூலையில் தள்ளுபடியும் 2022 ஏப்ரலில் கட்டணமும் தொடங்கின. சரக்குத் தட்டுள்ள வண்டிகளை நம்பியிருந்த உழவர்கள், தங்களுக்கு மாற்று வண்டியே இல்லாதபோது கட்டணம் எதற்கு என வினவினர். ஆட்சி மாறியதும் 2023 டிசம்பர் 31உடன் அத்திட்டம் நீக்கப்பட்டது.