தம்மிடம் இல்லாத திறனைத் தேடியவர்

குஜராத்தின் கேடா மாவட்டத்தில் 1946-இல் பால் கூட்டுறவு ஒன்றியம், அதாவது பால் ஊற்றும் உழவர்களே உரிமையாளர்களாக இருக்கும் அமைப்பு, தொடங்கப்பட்டபோது, அதன் தலைவர் திரிபுவன்தாஸ் படேல் உழவர்களின் நம்பிக்கையைப் பெற்றிருந்தாரேயன்றிப் பொறியியல் கற்றவர் அல்லர். தம்மிடம் எத்திறன் இல்லை என்பதைத் தெளிவாக உணர்ந்திருந்த அவர், 1949-இல் அரசுப் பணிக்காக அப்பகுதியின் ஆனந்த் நகருக்கு வந்திருந்த இளம் பொறியாளர் வர்கீஸ் குரியனைக் கூட்டுறவின் பணிக்கு அழைத்துக்கொண்டார். குரியனும் அவ்வாறே பால்பண்ணைத் தொழில்நுட்பம் அறிந்த தம் நண்பர் எச். எம். தலாயாவைச் சேர்த்துக்கொள்ள, எருமைப்பாலைப் பொடியாக்க இயலாது என்ற அந்நாளைய வல்லுநர் கருத்தைத் தலாயாவின் ஆய்வு பொய்யாக்கியது. அதன் பயனாக 1955-இல் பெரிய ஆலையும் எழுந்தது. துணைவரைத் தேர்வதினும் அரிதான ஒன்றையும் படேல் செய்தார்: அன்றாட நிர்வாகத்தைக் குரியனிடம் நம்பி ஒப்படைத்துவிட்டு, உழவர்களுக்கும் அவருக்கும் இடையே பாலமாகத் தாம் நின்றார்.