நிவாரணத்தின் ஆயுள் எவ்வளவு?

2024-ஆம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி இரவு, பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கரை கடந்த புயல் சீக்கிரம் உள்நாட்டுக்குப் போய் ஓய்ந்துவிடும் என்றுதான் எல்லோரும் எண்ணினார்கள். அதுவோ பல மணி நேரம் நகராமல் அங்கேயே நின்று கொட்டித் தீர்த்தது. மறுநாள் காலை எட்டரை மணிக்குக் கணக்கெடுத்தபோது, இருபத்துநான்கு மணி நேரத்தில் 46 சென்டிமீட்டர் மழை பெய்திருந்தது. 2004 அக்டோபரில் ஒரே நாளில் 21 சென்டிமீட்டர் பெய்ததையே பெருமழை என்று இருபது வருஷமாகப் பேசிக்கொண்டிருந்த ஊர் அது!

பட்டணத்துத் தெருக்களில் படகு விட்டு ஜனங்களைக் கரை சேர்த்த படங்களை நேயர்கள் பத்திரிகைகளில் பார்த்திருப்பார்கள். பட்டணத்தில் தண்ணீர் வடிந்ததும் படங்களும் நின்றுவிட்டன. ஆனால் புதுவைக்கு மேற்கே வில்லியனூர்க் கொம்யூனிலும், தெற்கே பாகூர்க் கொம்யூனிலும் கஷ்டம் அப்போதுதான் ஆரம்பமாயிற்று. வீடூர் அணையைத் திறந்ததனால் வில்லியனூர்ப் பக்கம் சங்கராபரணி பெருகியது. டிசம்பர் 2-ந் தேதி அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் விடப்பட்டது. அந்த ஆறு சோரியாங்குப்பம், குருவிநத்தம் முதலிய பாகூர்க் கிராமங்களை ஒட்டிக் கடலுக்குப் போவது. இம்முறை ஒட்டிப் போகவில்லை. ஊருக்குள்ளேயே புகுந்து போயிற்று.

நமக்குத் தொழில் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்வது. பொங்கல் விடுமுறை கழிந்து பள்ளி திறந்தபோது, ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையனைக் காணோம். நல்ல பையன், கணக்கில் கெட்டிக்காரன். ஒரு வாரம் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவனுடைய கிராமத்துக்குப் போனோம்.

தகப்பனார் வயலில் நின்றுகொண்டிருந்தார். அது வயல் என்று அவர் சொல்லித்தான் நாம் தெரிந்துகொண்டோம். பார்வைக்கு அது ஆற்று மணல் திட்டு. கதிர் வாங்கும் பருவத்தில் இருந்த சம்பாப் பயிர் அந்த மணலுக்கு அடியில் கிடந்தது.

"பையன் எங்கே?" என்று கேட்டோம்.

"அவன் மாமனோட செங்கல் சூளைக்குப் போயிருக்கான், வாத்தியாரய்யா. இந்த மணலை அள்ளிக் கொட்டினாத்தான் நவரை நட முடியும். அள்ளுறதுக்கு ஆள் கூலி வேணுமில்லே?" என்றார் அவர். பிறகு ஏதோ குற்றம் செய்துவிட்டவர்போல், "படிப்பை நிறுத்தணும்னு இல்லீங்க, இந்த ஒரு போகம்தான்" என்று சேர்த்துக் கொண்டார்.

மூன்று காணி நிலம், அதுவும் குத்தகை. விதை நெல்லுக்கும் உரத்துக்கும் மனைவியின் தோட்டை அடகு வைத்திருந்தார். பின்னால் பயிர் நிவாரணம் வந்தபோது, அது ஏட்டில் பெயர் உள்ள நிலச் சொந்தக்காரருக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் பட்டணவாசி, நல்ல மனிதர். வந்ததில் பாதியைத் தாமாகவே கொண்டுவந்து கொடுத்தாராம். அவருடைய நல்ல மனத்தை வாழ்த்துகிறோம். ஆனால் அவர் நல்லவராக இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு குடும்பத்தின் ஜீவனம் இன்னொருவருடைய தயாளத்தை நம்பியிருப்பது நியாயமா?

சர்க்கார் கொடுத்ததும் ஜனங்கள் பேசியதும்

சர்க்கார் சும்மா இருந்துவிட்டதாக யாரும் சொல்ல முடியாது. புயல் அடித்த சில நாளைக்குள் முதல் மந்திரி ஸ்ரீ என். ரங்கசாமி, ரேஷன் கார்டு உள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும் ரூ. 5,000 என்று அறிவித்தார். 3,54,000 கார்டுகளுக்கு இது ரூ. 177 கோடி ஆயிற்று. அழிந்த பயிருக்கு ஹெக்டேருக்கு ரூ. 30,000 என்றும் சொன்னார். மத்திய சர்க்கார் 2022 முதல் 2026 வரைக்கும் வகுத்திருந்த விதிப்படி, பாசன நிலத்துப் பயிருக்கு ஹெக்டேருக்கு ரூ. 17,000தான், அதுவும் இரண்டு ஹெக்டேர் வரையில்தான். ஆகவே புதுவை சர்க்கார் தாராளமாகவே நடந்துகொண்டது எனலாம்.

அந்த ஐயாயிரம் ரூபாயைப் பற்றித் திண்ணைக்குத் திண்ணை வாதம் நடந்தது. "மாடி வீட்டில் ஒரு துளியும் நனையாமல் இருந்தவனுக்கும் ஐயாயிரம், வீடும் வயலும் போனவனுக்கும் ஐயாயிரமா? இது என்ன தர்மம்?" என்றார்கள் ஒரு கட்சியார். "யார் நனைந்தான், யார் நனையவில்லை என்று உத்தியோகஸ்தர்கள் விசாரித்து முடிப்பதற்குள் அடுத்த மழை வந்துவிடும். எல்லோருக்கும் கொடுத்தால்தான் ஏழைக்கும் கிடைக்கும்" என்றார்கள் மற்றொரு கட்சியார்.

முதல் மாதத்தைப் பொறுத்தவரையில் இரண்டாவது கட்சியே சரி என்பது நம் அபிப்பிராயம். அடுப்பு எரியாத வீட்டுக்கு அன்றைக்கே பணம் வேண்டும். ஆனால் யாருக்குக் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்பதோடு வாதம் நின்றுவிட்டதே, அதுதான் நம் குறை. எவ்வளவு காலத்துக்குக் கொடுப்பது என்று யாரும் கேட்கவில்லை.

குடியானவன் பஞ்சாங்கம்

உதவிக்குக் காலக் கணக்கு இருப்பதுபோல நஷ்டத்துக்கும் ஒரு காலக் கணக்கு உண்டு. அதைக் குடியானவனுடைய பஞ்சாங்கத்தில்தான் பார்க்க வேண்டும். அந்தப் பையனுடைய தகப்பனாருக்கு 2025 தை மாதத்துச் சம்பா அறுவடை போயிற்று. மணலை அள்ளுவதற்குள் நவரைப் பட்டம் தப்பிற்று. சித்திரை வைகாசியில் சொர்ணவாரி நட்டார். அது புதுக் கடனில் நட்டது. விளைந்ததில் பெரும்பகுதி வட்டிக்கே போயிற்று. ஆக, அவருடைய கையில் நாலு காசு தங்கக்கூடிய முதல் அறுவடை 2026-ஆம் வருஷத்துத் தை மாதத்துச் சம்பாதான். வெள்ளம் வீட்டில் நின்றது மூன்று நாள். நஷ்டம் நின்றது பதினான்கு மாதம்.

சர்க்கார் பஞ்சாங்கமோ வேறு. பிழைப்பு இழந்தவர்களுக்கு ஜீவனோபாயத் தொகை கொடுப்பது மேற்சொன்ன மத்திய விதிப்படி முதலில் 30 நாட்களுக்குத்தான் என்று இருந்தது. மூன்று அங்குலத்துக்கு மேல் படிந்த மண்ணை அகற்ற ஹெக்டேருக்கு ரூ. 18,000 என்று அதே விதி சொன்னது. நல்ல விதிதான். ஆனால் அந்தப் பணம் எப்போது வருகிறது என்பதல்லவா முக்கியம்? புதுவை ஒரு யூனியன் பிரதேசம். நிதிக் கமிஷன் ராஜ்யங்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் பேரிடர் நிதியில் அதற்குப் பங்கு இல்லை. தனி நிதியிலிருந்து மத்திய சர்க்கார் பார்த்துக் கொடுப்பதுதான். அப்படி ரூ. 33.06 கோடி கொடுப்பதாக அறிவிப்பு வந்தது 2025 ஏப்ரல் மாதத்தில். புயல் அடித்து நாலு மாதம் ஆகிவிட்டது. அதற்குள் சம்பா அறுவடைக் காலமும் முடிந்தது. நவரை நட்டவர்கள் அரிவாள் தீட்டும் காலமும் வந்துவிட்டது.

நிலமுள்ளவன் பாடும் குத்தகைக்காரன் பாடும் இப்படி என்றால், நாற்று நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்களின் பாடு என்ன? வயல் மணலாய்க் கிடக்கும் வரையில் அவர்களுக்கு வேலையே இல்லை. வில்லியனூர்ச் சுடுமண் பொம்மைகள் புவிசார் குறியீடு பெற்று நாடெங்கும் பேர் வாங்கியவை. அந்தக் குயவர்களுக்கோ மண் காய்ந்தால்தான் வேலை. மழை நின்ற மறுநாளே சக்கரம் சுழல ஆரம்பித்து விடுவதில்லை.

மரம் வைத்தவன் கஷ்டம் இன்னும் நீண்டது. 2011 டிசம்பர் 30-ந் தேதி தானே புயல் இதே பாகூரையும் அடுத்த கடலூரையும் அடித்து நொறுக்கியது நினைவிருக்கும். அன்று வேரோடு சாய்ந்த பலாவும் முந்திரியும் அடுத்த வருஷமே முளைத்துக் காய்த்துவிடவில்லை. பலா மரம் போனவன் பல வருஷத்து வருமானத்தை ஒரே இரவில் இழந்தான்.

ஆட்சேபங்கள்

நீண்ட கால உதவி என்றதும் மூன்று ஆட்சேபங்கள் எழுகின்றன. மூன்றையும் மரியாதையுடன் கவனிக்க வேண்டும்.

முதலாவது, பணம் ஏது என்பது. ஒரே வருஷத்தில் ரூ. 177 கோடி கொடுக்க முடிந்த சர்க்காருக்கு, அதைவிடச் சிறிய தொகையை வெள்ளத்தில் பயிர் போனவர்களுக்கு மட்டும் மூன்று போகத்துக்குப் பிரித்துக் கொடுப்பது அசாத்தியமல்ல.

இரண்டாவது, ஜனங்கள் சோம்பேறிகளாகிவிடுவார்கள் என்பது. மணல் மூடிய வயலில் பதினைந்து வயதுப் பிள்ளையின் கூலியைக் கொண்டு நவரை நட நினைத்த மனிதரைப் பார்த்தவர்கள் இந்த ஆட்சேபத்தைச் சொல்லமாட்டார்கள்.

மூன்றாவது, நீண்ட காலத் திட்டமெல்லாம் நம் நாட்டில் நடக்கிற காரியமா என்பது. நடந்திருக்கிறதே! 2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்த பிறகு, உலக பாங்கியின் உதவியோடு 2005-இல் தொடங்கிய புனரமைப்பு வேலை தமிழ்நாட்டிலும் புதுவையிலும் 2011 வரை நடந்தது. கடல் கொண்டுபோனதைக் கட்ட ஆறேழு வருஷம் ஆகும் என்பதை ஒப்புக்கொண்டவர்கள், ஆறு கொண்டுபோனதற்கு மட்டும் ஒரே மாதம் போதும் என்று ஏன் எண்ண வேண்டும்?

ஜப்பானைப் பாருங்கள். 2011 மார்ச்சில் பூகம்பமும் சுனாமியும் வந்த பிறகு, புனர்நிர்மாணத்துக்கென்றே 2012-இல் ஒரு தனி இலாகாவைப் பத்து வருஷத்துக்கு ஏற்படுத்தினார்கள். பத்து வருஷம் போதவில்லை என்று கண்டு 2031 வரை நீடித்தார்கள். அதற்காக 2013 முதல் 25 வருஷத்துக்கு வருமான வரியோடு 2.1 சதவிகிதம் கூடுதல் வரியை ஜனங்கள் செலுத்துவதென்று சட்டம் செய்தார்கள். நாம் அந்தச் செல்வ தேசத்துக்கு ஈடாகச் செலவழிக்க முடியாது. ஆனால் துன்பத்தின் நீளத்தை உண்மையாக அளந்து சொல்வதற்குச் செல்வம் வேண்டியதில்லையே!

கடன் என்னும் இரண்டாவது வெள்ளம்

நம் தேசத்தில் காற்று வேறு பக்கமாக வீசுகிறது. 2005-ஆம் வருஷத்துப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 13-வது பிரிவு, கடுமையான பேரிடரில் கடன் நிவாரணம் கொடுக்கச் சிபார்சு செய்யும் அதிகாரத்தைத் தேசிய ஆணையத்துக்கு அளித்திருந்தது. 2025-ஆம் வருஷத்துத் திருத்தச் சட்டம் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டது. 2024 ஜூலை 30-ந் தேதி நிலச்சரிவில் மாண்டவர்கள் போக மிஞ்சிய வயநாட்டு ஜனங்களுக்குக் கடன் ரத்து வேண்டுமென்ற விவகாரம் கேரள ஹைக்கோர்ட்டில் நடந்தபோது, மத்திய சர்க்கார் சொன்ன பதில்களில் இதுவும் ஒன்று. வயநாட்டின் புனர்நிர்மாணத்துக்கு ரூ. 529.50 கோடி கொடுத்ததுகூட 50 வருஷத்து வட்டியில்லாக் கடனாகத்தான்.

ரிசர்வ் பாங்கி 2018-இல் வெளியிட்ட விதிகளின்படி, பாதிக்கு மேல் பயிர் அழிந்தவர்களின் பயிர்க் கடன் தவணையை ஐந்து வருஷம் வரை நீட்டித்துக் கொடுக்க இடமிருந்தது. அதாவது, நஷ்டத்தின் ஆயுள் வருஷக் கணக்கானது என்பது பாங்கிக்காரர்களுக்கும் தெரிந்தே இருக்கிறது. ஆனால் குத்தகைக்காரன் பாங்கி வாசலை மிதிப்பதில்லை. அவன் கடன் அடகுக் கடையில். அங்கே தவணை நீட்டிப்புக்கு எந்த விதியும் இல்லை.

செய்ய வேண்டியது

நாம் பெரிய திட்டம் எதையும் கேட்கவில்லை. முதல் மாதம் இப்போதுபோல் எல்லோருக்கும் ஒரே தொகை. அதன் பிறகு, வயல் அழிந்தவர்களுக்கும் அந்த வயலை நம்பிய கூலியாட்களுக்கும் மூன்று போகம் வரை உதவி: முதல் போகத்தில் மணல் அகற்றும் வேலையும் அதற்குக் கூலியும், இரண்டாவதில் விதையும் உரமும், மூன்றாவதில் ஏரிக்கரை, வாய்க்கால் வேலை. புதுவைப் பகுதியில் 84 ஏரிகள் இருக்கின்றன. தென்பெண்ணைத் தண்ணீரைப் பாகூர் ஏரிக்குக் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலும் இருக்கிறது. இவற்றைத் தூர் வாரிக் கரை கட்டினால் அடுத்த வெள்ளத்தின் உக்கிரமும் ஓரளவு குறையும். இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக, நிலம் யாருடையது என்ற ஏட்டோடு, அந்தப் போகத்தில் உழுதவர் யார் என்று ஒவ்வொரு கிராமத்திலும் இன்னோர் ஏடு வேண்டும். வெள்ளம் வந்த பிறகு எழுதினால் அது தகராறில் முடியும். நடவு சமயத்திலேயே எழுதிவிட வேண்டும்.

பாகூருக்கு இது புது விஷயமல்ல. ஆயிரத்து நூறு வருஷங்களுக்கு முன், நிருபதுங்கவர்ம பல்லவன் காலத்தில், அந்த ஊரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்கள் தானமாகக் கொடுக்கப்பட்டன என்று பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. கொடுத்தவர்கள் ஒரு பொன் முடிப்பைக் கையில் வைத்துவிட்டுப் போய்விடவில்லை. வருஷந்தோறும் வரும்படி வரும்படியாகக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடம் ஒரு நாள் சோற்றில் நடக்காது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்தப் பையன் அடுத்த கல்வி வருஷத்தில் திரும்பி வந்தான். அவனோடு படித்தவர்கள் பத்தாம் வகுப்புக்குப் போய்விட்டார்கள். அவன் மட்டும் அதே ஒன்பதாம் வகுப்பில், கடைசி பெஞ்சியில், தன்னைவிடச் சிறியவர்களோடு உட்கார்ந்தான். தகப்பனார் சொன்ன ஒரு போகம் அவனுக்கு ஒரு வருஷமாயிற்று. இறந்த மாட்டுக்கும் இடிந்த சுவருக்கும் கணக்கு எழுதிய நிவாரணப் பட்டியலில் அந்த ஒரு வருஷத்தை எழுத இடமில்லை. அடுத்த வெள்ளம் வருவதற்குள் அதற்கும் ஓர் இடம் ஏற்படுத்த வேண்டும்.