சம்பாதிக்கக் கூடாத அலுவலகம்

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கொஞ்சம் நிலத்தில் மல்லிகை போட்டிருப்பவர். வெளிநாட்டு வாசனைத் திரவியக் கம்பெனி ஒன்றின் 'லையசன் ஆபீஸ்' என்று பலகை மாட்டிக்கொண்டு மதுரையில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறாராம். பூவை நாங்களே நேரடியாக வாங்கிக்கொள்கிறோம், அதற்கு முதலில் பதிவுத் தொகை கட்டுங்கள் என்கிறாராம். கட்டலாமா, வேண்டாமா என்று கேட்கிறார்.

கட்டாதீர்கள். அந்தக் கம்பெனி நல்லதா கெட்டதா என்று நீங்கள் துருவிப் பார்க்கவே வேண்டியதில்லை. நிஜமான லையசன் ஆபீஸுக்கு உங்களிடம் பணம் வாங்கும் உரிமையே கிடையாது. பூவைத் தன் கணக்கில் வாங்கவும் உரிமை கிடையாது. பணம் கேட்கிறது என்றால் ஒன்று அது லையசன் ஆபீஸே இல்லை, அல்லது சட்டத்தை மீறுகிற லையசன் ஆபீஸ். இரண்டில் எதுவானாலும் உங்கள் காசு உங்கள் மடியிலேயே இருக்கட்டும்.

இதோடு பதிலை முடித்திருக்கலாம். ஆனால் இந்த விசித்திரமான அலுவலகத்தின் மேல் எனக்கு வெகுநாளாகவே ஓர் ஈர்ப்பு உண்டு. கடை திறப்பவர் எவரும் சம்பாதிக்கத்தான் திறப்பார். சம்பாதிக்கவே மாட்டேன் என்று எழுதிக்கொடுத்துவிட்டு, வாடகை கட்டி, ஆளுக்குச் சம்பளம் போட்டு, வருடா வருடம் ஆடிட்டரிடம் சான்றிதழும் வாங்கி நடத்தும் அலுவலகம் இது ஒன்றுதான்.

எங்கள் வீட்டில் பெண் பார்க்கப் போவதற்கு முன்னால் சித்தப்பாவைத் தனியாக அனுப்பி வைப்பார்கள். குடும்பம் எப்படி, பெண் என்ன படித்திருக்கிறாள், அக்கம்பக்கத்தில் என்ன பேச்சு என்று விசாரித்துவர வேண்டியது அவர் வேலை. நம் வீட்டைப் பற்றி அவர்களிடம் எடுத்துச் சொல்லலாம். காபி குடிக்கலாம். ஆனால் தட்டு மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லை. பஸ் செலவு முழுக்க எங்கள் வீட்டுப் பணம். லையசன் ஆபீஸ் என்பது அந்தச் சித்தப்பாதான். விதிகள்கூட ஏறக்குறைய அதே வரிசையில்தான் இருக்கின்றன.

இந்தியாவில் இதற்கான விதிமுறைகளை ரிசர்வ் வங்கி 2016 மார்ச் 31-ஆம் தேதி அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் கீழ் வெளியிட்டது. அதன்படி இந்த அலுவலகம் செய்யக்கூடிய வேலைகள் நான்கே நான்கு. தாய்க் கம்பெனியின் சார்பில் இங்கே இருக்கலாம். ஏற்றுமதி இறக்குமதி பெருக உதவலாம். தொழில்நுட்பக் கூட்டுக்கும் நிதிக் கூட்டுக்கும் வழி செய்யலாம். அந்தக் கம்பெனிக்கும் இந்தியக் கம்பெனிகளுக்கும் நடுவே தகவலைக் கொண்டுபோய்க் கொண்டுவரலாம். அவ்வளவுதான். பில் புத்தகம் கிடையாது, கல்லாப்பெட்டி கிடையாது. நிலம், கட்டிடம் வாங்க முடியாது. ஐந்து வருடத்துக்கு மேற்படாத குத்தகையில் இடம் பிடித்துக்கொள்ளலாம்.

பதிவு செய்வது பலரும் பயப்படுகிற அளவுக்குச் சிக்கலானதல்ல. தாய்க் கம்பெனி தன் நாட்டில் தொடர்ந்து மூன்று நிதியாண்டுகள் லாபம் பார்த்திருக்க வேண்டும். அதன் நிகர மதிப்பு 50,000 அமெரிக்க டாலருக்குக் குறையக் கூடாது. எஃப்.என்.சி. என்ற படிவத்தைப் பூர்த்தி செய்து, கம்பெனிப் பதிவுச் சான்று, தணிக்கை செய்த கணக்குகள், அந்த நாட்டு வங்கியின் அறிக்கை எல்லாவற்றையும் சேர்த்து, அந்நியச் செலாவணி நடத்த உரிமம் பெற்ற இந்திய வங்கி ஒன்றில் கொடுக்க வேண்டும். பெரும்பாலான விண்ணப்பங்களை வங்கியே பார்த்து முடித்துவிடும். ரிசர்வ் வங்கி ஓர் அடையாள எண் கொடுக்கும். ஆறு மாதத்துக்குள் கதவைத் திறக்காவிட்டால் அனுமதி காலாவதி. திறந்த 30 நாளுக்குள் கம்பெனிகள் சட்டத்தின் 380-ஆம் பிரிவின்படி கம்பெனிப் பதிவாளரிடம் ஆவணங்களைத் தாக்கல் செய்ய வேண்டும். அனுமதி மூன்று வருடத்துக்கு; பிறகு நீட்டிக்கொள்ளலாம். இலங்கை, வங்கதேசம், சீனா, ஈரான் முதலிய சில நாட்டுக் கம்பெனிகள் மட்டும் மாநிலக் காவல்துறையிடமும் பதிய வேண்டும். கொழும்பு விமானம் வந்திறங்கும் மதுரையில் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி வங்கிக் கணக்கு. அந்தக் கணக்கில் என்ன வரவு வைக்கலாம் என்பதற்குச் சின்னப் பட்டியல் ஒன்று இருக்கிறது. தலைமை அலுவலகம் வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பணம். முன்பு கட்டிய வைப்புத்தொகை திரும்பி வந்தால் அது. வரி திரும்பி வந்தால் அது. பழைய மேசை நாற்காலியை விற்றால் அந்தக் காசு. இவை தவிர உள்ளூரிலிருந்து வேறு வரவு வைக்க வழியில்லை. வருடா வருடம் மார்ச் 31 வரையிலான நடவடிக்கைகளைப் பார்த்து, அனுமதித்த வேலைகளைத் தாண்டி எதுவும் செய்யவில்லை என்று ஓர் ஆடிட்டர் சான்றளிக்க வேண்டும். செப்டம்பர் 30-க்குள் அது வங்கிக்கும் வருமான வரித் துறைக்கும் போய்ச் சேர வேண்டும்.

எது உதவி, எது வியாபாரம் என்ற கோடு காகிதத்தில் நேராகத்தான் இருக்கிறது. வேலையில் இறங்கினால் வளைந்துவிடுகிறது. வளைகுடாவிலிருந்து வந்த ஒரு வழக்கு இதற்கு நல்ல சாட்சி. மேலூர், சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் மணியார்டருக்கும் செக்குக்கும் வாசலில் காத்திருந்த குடும்பங்களுக்கு இது சுலபமாகப் புரியும்.

ஐக்கிய அரபு அமீரகத்தின் யு.ஏ.இ. எக்ஸ்சேஞ்ச் சென்டர் என்ற கம்பெனி, அங்கே வேலை செய்யும் நம்மவர்களின் பணத்தை ஊருக்கு அனுப்பிவைக்கும் தொழிலில் இருந்தது. 1996 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி அனுமதி கொடுத்தது. 1997 ஜனவரியில் கொச்சியில் முதல் லையசன் ஆபீஸ் வந்தது. பிறகு சென்னை உட்பட வேறு நகரங்களிலும் திறந்தார்கள். பணத்தை வாங்குவதும் ஒப்பந்தம் போடுவதும் அமீரகத்தில்தான். ஒரு முறை அனுப்ப 15 திர்ஹாம் கட்டணம். அதையும் அங்கேயே வாங்கிக்கொள்வார்கள். அனுப்புகிறவர் செக்காக வேண்டும் என்று கேட்டால், இங்குள்ள லையசன் ஆபீஸ் கணினி வழியே விவரத்தை இறக்கி, இந்திய வங்கியின் பேரில் செக்கோ டிராஃப்டோ அச்சடித்து, கூரியரில் வீட்டுக்கு அனுப்பும். இங்கே ஒரு பைசாக்கூட வாங்காது.

வரித் துறை கேட்டது: அச்சடித்து அனுப்பினால்தானே அந்தத் தொழிலே முடிகிறது? அப்படியானால் லாபத்தில் ஒரு பகுதி இங்கே விளைந்ததுதானே? 2004-இல் வரி முன்தீர்ப்பு ஆணையமும் இதை ஒப்புக்கொண்டது. செக் போய்ச் சேராமல் வேலை முழுமையாகாது, ஆகவே இது வெறும் துணை வேலையல்ல என்றது. 2009-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போய், 2020 ஏப்ரல் 24-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. இரு நாடுகளுக்கும் இடையிலான இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தின்படி, ஆயத்த வேலைக்கும் துணை வேலைக்கும் மட்டுமே பயன்படும் இடம் நிரந்தரத் தொழிலிடம் ஆகாது; ஆகவே அதன் பேரில் லாபத்துக்கு இங்கே வரி போட முடியாது. அச்சடித்து அனுப்புவது அத்தகைய துணை வேலைதான் என்றது உச்ச நீதிமன்றம். ரிசர்வ் வங்கி விதித்த நிபந்தனைகளையும் தீர்ப்பு எண்ணிப் பார்த்தது. கட்டணம் வாங்காதே, ஒப்பந்தம் போடாதே என்று கட்டிப்போட்ட அலுவலகத்துக்கு வருமானம் எங்கிருந்து வரும்?

இந்தத் தீர்ப்பு சரியென்றே நினைக்கிறேன். ஆனால் அதை வைத்து லையசன் ஆபீஸ் எதைச் செய்தாலும் துணை வேலைதான் என்று வாதிடுகிறவர்களை ஏற்கமாட்டேன். கட்டுக்குள் இருந்ததால்தான் அந்தக் கம்பெனிக்கு அடைக்கலம் கிடைத்தது.

துணி வாங்கும் அலுவலகங்களின் கதையும் இதற்குப் பக்கத்தில்தான் வரும். கொலம்பியா ஸ்போர்ட்ஸ்வேர் என்ற அமெரிக்க ஆடைக் கம்பெனி 1995-இல் சென்னையில் லையசன் ஆபீஸ் திறந்தது. பிறகு பெங்களூரிலும் வைத்தது. தயாரிப்பாளரைத் தேடுவது, விலை விசாரிப்பது, தரம் பார்ப்பது எல்லாம் அங்கே நடந்தன. இது வெறும் கொள்முதலைத் தாண்டிவிட்டது என்று 2011-இல் முன்தீர்ப்பு ஆணையம் சொன்னது. இல்லை, ஏற்றுமதிக்காகச் சரக்கு வாங்க உதவும் வேலைதான் இது, இங்கே வரிக்குரிய வருமானம் இல்லை என்று 2015-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் சொன்னது.

ரிசர்வ் வங்கியின் அனுமதிக் கடிதம் கையில் இருந்தால் போதும் என்றும் எண்ணிவிடக் கூடாது. வெளிநாட்டு வக்கீல் கம்பெனிகள் சில 1990-களில் இப்படி அனுமதி வாங்கி அலுவலகம் திறந்தன. 2009-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த அனுமதி செல்லாது என்றது. சென்னை உயர் நீதிமன்றத்திலும் வழக்கு நடந்து 2012-இல் தீர்ப்பு வந்தது. அன்றைய சட்டப்படி இங்கே அலுவலகம் வைத்து வக்கீல் தொழில் செய்ய அவர்களுக்கு வழியில்லை என்று 2018-இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சுங்குடிக்கு அதற்கும் முன்னால், 2005-இல். உலகச் சந்தைக்குப் போகக்கூடிய சரக்கு நம்மிடம் இருக்கிறது. ஆனால் வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியின் ஆள் பெரும்பாலும் சென்னையிலோ பெங்களூரிலோதான் உட்கார்ந்திருக்கிறார். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் விடிகாலையில் சாக்கு பிரிக்கும்போது அவர் பக்கத்தில் நிற்க வேண்டும். மொட்டு எந்தப் பதத்தில் வருகிறது, வெயில் ஏற ஏற எப்படி வதங்குகிறது என்று கையில் அள்ளிப் பார்த்துத் தலைமை அலுவலகத்துக்கு எழுத வேண்டும். சுங்குடிச் சேலையில் நூலால் கட்டிய ஒவ்வொரு முடிச்சையும் சாயம் போட்ட பிறகு அவிழ்க்கிறபோது, புள்ளி நடுவில் சுருக்கம் நிற்கும். அச்சுப் போட்ட போலியில் அது வராது. இதைத் தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். லையசன் ஆபீஸ் உருவானதே இப்படிக் கண்ணால் பார்த்துச் சொல்வதற்குத்தான். மதுரையில் அப்படிப்பட்டவை பெருக வேண்டும். அழைத்துவர வேண்டியவர்கள் அதற்கு முயல வேண்டும்.

மாறாக நாம் அதிகம் பார்ப்பது பலகையைத்தான். வெளிநாட்டுப் பெயரைப் பார்த்ததும் மரியாதை வந்துவிடுகிறது. வேலைக்கு ஆள் எடுக்கிறோம், டீலர்ஷிப் தருகிறோம் என்று டெபாசிட் வாங்கிக்கொண்டு ஒரு நாள் பூட்டிவிட்டுப் போனால், பிறகு போலீஸ் ஸ்டேஷனுக்கு நடக்க வேண்டியதுதான். சரிபார்ப்பது ஒன்றும் கஷ்டமில்லை. கம்பெனிகள் சட்டத்தின் 382-ஆம் பிரிவு, வெளிநாட்டுக் கம்பெனி தன் அலுவலகத்துக்கு வெளியே பெயரையும் எந்த நாட்டில் பதிவானது என்பதையும் ஆங்கில எழுத்திலும் அந்த வட்டார மொழியின் எழுத்திலும் பளிச்சென்று எழுதி வைக்க வேண்டும் என்கிறது. மதுரையில் என்றால் தமிழில். நாட்டின் பெயரே இல்லாத பலகை, தமிழே இல்லாத பலகை என்றால் அங்கேயே சந்தேகப்படலாம். அடுத்து, ரிசர்வ் வங்கி கொடுத்த அடையாள எண்ணைக் கேளுங்கள். கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் பெயரைத் தட்டிப் பாருங்கள். பதிவான வெளிநாட்டுக் கம்பெனி என்றால் விவரம் வரும். வராவிட்டால் கும்பிடு போட்டுவிட்டு வெளியே வாருங்கள்.

எதிர்த்திசையிலும் இந்த வழி திறந்திருக்கிறது. மதுரைக் கம்பெனி ஒன்று துபாயிலோ சிங்கப்பூரிலோ சின்ன அலுவலகம் வைக்க நினைத்தால், தொடக்கச் செலவுக்குக் கடந்த இரண்டு நிதியாண்டுகளின் சராசரி விற்பனையில் 15 சதவீதம் அல்லது நிகர மதிப்பில் 25 சதவீதம், இதில் எது அதிகமோ அந்த அளவு வரை பணம் அனுப்பலாம். அதன் பிறகு ஆகும் நடைமுறைச் செலவுக்குச் சராசரி விற்பனையில் 10 சதவீதம் வரை. அந்த நாட்டின் பதிவு விதி தனி. நம் ஊர்ச் சிறு தொழில்காரர்களில் பலருக்கு இந்த வசதி இருப்பதே தெரியாது. வங்கி மேலாளர்களாவது கூப்பிட்டுச் சொல்லலாம்.

இந்த அலுவலகங்களில் வேலை செய்கிற நம் பிள்ளைகளுக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. லாபம் பார்க்காத அலுவலகம் என்பதால் மூடுவது சுலபம். தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தால் போதும். ஆனால் மிச்சப் பணத்தை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமானால், ஊழியர்களின் நிலுவைப் பணிக்கொடை உட்பட இந்தியாவில் உள்ள எல்லாக் கடனும் தீர்க்கப்பட்டது, அல்லது அதற்குப் போதிய பணம் ஒதுக்கப்பட்டது என்று ஆடிட்டர் சான்று கொடுக்க வேண்டும். அந்தச் சான்று இல்லாமல் வங்கி பணத்தை விடாது. எனவே மூடுகிற பேச்சு காதில் விழுந்ததுமே, உங்கள் பணிக்கொடைக் கணக்கை எழுத்தில் எழுதி ஆடிட்டருக்கும் வங்கிக்கும் ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிடுங்கள்.