பாளம் பாளமாக வெடிக்கும் வயல்… இதெல்லாம் தெரியுமா?

ஒரே ஊர், ஒரே வெயில், ஒரே மழை. ஆனால் ஒரு நிலம் வெடிக்கும், பக்கத்து நிலம் வெடிக்காது! ஓசூரை அடுத்த பாகலூர் பக்கம் போனால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ராகியும் தக்காளியும் கோஸும் விளையும் மேட்டுச் செம்மண், காய்ந்தால் இறுகும், புழுதி பறக்கும், பெரிதாகப் பிளக்காது. ஏரிக்குக் கீழே பள்ளத்தில் கிடக்கும் களிமண் வயலோ, தண்ணீர் வற்றிய கொஞ்ச நாளிலேயே பாளம் பாளமாக வெடித்துவிடும்.

ஏன் தெரியுமா? செம்மண்ணில் மிகுந்திருக்கும் கயோலினைட் என்ற களி, தண்ணீரில் அவ்வளவாக உப்பாது. ஸ்மெக்டைட் வகைக் களி இருந்தால் கதையே வேறு. கண்ணுக்குத் தெரியாத தன் அடுக்குகளுக்கு நடுவே தண்ணீரை இழுத்துக்கொண்டு பருக்கும், காய்ந்ததும் சுருங்கும். சுருங்கிய இடம்தான் வெடிப்பு!

இந்தக் களியின் முழு ஆட்டத்தையும் பார்க்க வேண்டுமானால் கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசலுக்குப் போக வேண்டும். அங்கே மண் தன்னைத்தானே உழுதுகொள்கிறது! கோடையில் மேல்மண் வெடிப்புக்குள் சரிந்து விழும். மழை பெய்து அடிமண் பருக்கும்போது இடம் போதாமல் மண்கட்டிகள் ஒன்றையொன்று நெருக்கி மேலே தள்ளும். நம்பிக்கை இல்லையா? கரிசலில் ஆழமாகக் குழி தோண்டி ஒரு கட்டியைப் பெயர்த்துப் பாருங்கள். அதன் ஒரு பக்கம் மெழுகியதுபோல வழவழவென்று மின்னும், மெல்லிய கீறல்கள் ஒரே திசையில் ஓடும். மண்ணோடு மண் உரசிய தடம் அது.

இன்னொரு ஆச்சரியம்! சேறு முதல்முறை காயும்போது வெடிப்புகள் பெரும்பாலும் செங்கோணத்தில் சந்திக்கும். நனைந்து காய்ந்து, மறுபடி நனைந்து காய்ந்தால் அந்தச் சந்திப்புகள் மெல்ல மாறி அறுகோணப் பாளங்கள் உருவாகும். 2021-ல் கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாய்க் கோளில் கண்டது இதே அறுகோண வெடிப்புகளைத்தான்! அங்கே ஒரு காலத்தில் ஈரமும் காய்ச்சலும் மாறி மாறி வந்திருக்கின்றன என்று 2023-ல் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள்.

சரி, நம் வயலுக்கு வருவோம். வெடிப்பைப் பார்த்ததும் பதறிப்போய் மடையைத் திறக்க வேண்டியதில்லை என்பது தெரியுமா? செம்மை நெல் சாகுபடியில் மயிரிழை வெடிப்பு தோன்றிய பிறகுதான் தண்ணீரே கட்டச் சொல்கிறார்கள், அதுவும் 2.5 செ.மீ. உயரத்துக்கு! காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால் வேருக்குக் காற்று கிடைக்கும், தண்ணீரும் மிச்சம். கதிர் உருவாகும் வரை இப்படிச் செய்யலாம். பூக்கும் நேரத்தில் மட்டும் வயலைக் காயவே விடக்கூடாது.

மயிரிழை நண்பன், விரல் நுழையும் வெடிப்பு பகை. அது வேரை அறுத்துவிடும். அதற்குப் பிறகு பாய்ச்சும் தண்ணீர், போட்ட யூரியாவையும் இழுத்துக்கொண்டு வேருக்கு எட்டாத ஆழத்துக்கு இறங்கிவிடும். அந்த நிலையில் ஒரேயடியாக வெள்ளம்போலப் பாய்ச்சுவது வீண் என்பேன். மேலாகக் கொத்தி வெடிப்பை மூடிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக நனைத்தால் களி பருத்துத் தானே கூடிக்கொள்ளும். காய்கறிப் பாத்தியில் வைக்கோல் மூடாக்கும் சொட்டுநீரும் இருந்தால் வெடிப்பு அந்த அளவுக்குப் போகாது. ஹெக்டேருக்கு 12.5 டன் மட்கிய தொழுவுரம் வருடந்தோறும் சேர்ந்தால் களியின் பிடிவாதமே தளரும். ஜிப்சம் போடுவதாக இருந்தால் மண் பரிசோதனை செய்து, களர் என்று தெரிந்த பிறகே போடுங்கள்.

கடைசியாக ஒன்று, பாகலூர்க்காரர்களுக்கு இதுதான் முக்கியம். ஏரியில் வெடித்துக் கிடக்கும் அந்த வண்டல்தான் மேட்டுச் செம்மண்ணுக்கு மருந்து! ஈரம் தங்காத செம்மண்ணில் வண்டலின் களி சேர்ந்தால் தண்ணீரும் சத்தும் பிடித்து நிற்கும். விவசாயத்துக்காக ஏரி வண்டலை இலவசமாக எடுக்கத் தமிழக அரசு வழி செய்திருக்கிறது. 2024 முதல் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி கிடைக்கிறது. ஏரி வற்றியிருக்கும் கோடையிலேயே மனு கொடுத்துவிடுங்கள். மழை பிடித்தால் வண்டி இறங்காது.