பாம்பு கடித்தால் கத்துகிறான், பணம் போனால் மறைக்கிறான்



சுங்கை பட்டாணி, பாக்கார் ஆராங் வட்டாரத்தில் இன்று காலையில் பெரட்டுக்குப் போகிற பிள்ளைகளைவிட, தொழிற்சாலை பஸ் ஏறுகிற பிள்ளைகள்தான் அதிகம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக மாறிய பிறகு நம் பிள்ளைகளின் வாழ்க்கையும் மாறிவிட்டது. எல்லார் கையிலும் கைப்பேசி. அப்பாவின் சம்பளம் பேங்கில் விழுகிறது, ஆனால் பேங்கின் செயலி இருப்பதோ மகனுடைய போனில்! "எனக்கு அதெல்லாம் தெரியாதுப்பா, தம்பிதான் பாத்துக்குவான்" என்று சொல்லாத வீடு எத்தனை? முப்பது வருஷம் மரம் வெட்டி, குலை அறுத்து, 55 வயதில் கைக்கு வந்த சேமநிதிப் பணத்துக்கு இன்றைக்குக் காவல்காரன் 19 வயதுப் பையன்.

அந்தக் காவல்காரனுக்கு நாம் என்ன பயிற்சி கொடுத்திருக்கிறோம்?

தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்குப் பாம்பு கடித்தால் என்ன செய்வது என்று தெரியும். ஓடக்கூடாது, கத்திக் கூப்பிட வேண்டும், உடனே ஆஸ்பத்திரி. இதை யாரும் புத்தகம் வைத்துச் சொல்லித் தரவில்லை. லயத்தில் பெரியவர்கள் பேசப் பேசக் காதில் விழுந்தது. ஆனால் அதே பிள்ளை போனில் ஏமாந்துவிட்டால் கத்துவதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுகிறான். மூன்று நாள் கழித்து, பேங்க் அறிக்கை பார்த்த பிறகுதான் வீட்டுக்கே விஷயம் தெரிகிறது. ஏன்? பாம்பு கடித்தவனை யாரும் திட்டுவதில்லை. பணத்தை விட்டவனைத்தான், "எந்நேரமும் அந்தப் போனையே நோண்டிக்கிட்டு இருந்தா இப்படித்தான்டா!" என்று திட்டுகிறோம். அந்தத் திட்டுக்குப் பயந்து அவன் மறைக்கிற நேரம் இருக்கிறதே, அதுதான் மோசடிக்காரனுக்கு நாம் கொடுக்கும் போனஸ்!

நேரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை விளக்க வேண்டும். நம்மிடமிருந்து போகும் பணம் நேராக மோசடிக்காரன் பைக்குப் போவதில்லை. முதலில் யாரோ ஒரு சாதாரண ஆளின் கணக்கில் விழும். அங்கிருந்து இரண்டாவது கணக்கு, மூன்றாவது கணக்கு என்று தாவி, கடைசியில் ரொக்கமாகவோ வேறு வடிவத்திலோ மாறிவிடும். முதல் கணக்கிலோ இரண்டாவது கணக்கிலோ நிற்கும்போது பிடித்தால் முடக்கலாம். அப்புறம் பிடிப்பது குதிரைக் கொம்புதான். இதற்காகத்தான் 2022 அக்டோபரில் அரசாங்கம் தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தை அமைத்தது. போலீஸ், பேங்க் நெகாரா, தொடர்புத்துறை ஆணையம், வங்கிகள், தொலைபேசி நிறுவனங்கள் எல்லாம் அதில் சேர்ந்து வேலை செய்கின்றன. அதன் எண் 997. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்த மூன்று எண்கள் மனப்பாடம்? 999 தெரியும், 997 தெரியாது. 2024-இல் மட்டும் இணைய மோசடிகளில் இந்நாட்டு மக்கள் இழந்தது 150 கோடி வெள்ளிக்கும் மேல்.

ஆகவே இளைஞர்களே, இதைச் சும்மா படித்துவிட்டுப் போகாமல், வீட்டில் ஒரு தடவை செய்து பாருங்கள். முன்பின் தெரியாதவன் புலனத்தில் அனுப்பிய ஒரு செயலியைப் போனில் ஏற்றிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கல்யாணப் பத்திரிகை என்பான், வீடு சுத்தம் செய்யும் சேவை என்பான், கடையில் மலிவு விலை என்பான். ஏற்றிய பிறகு அந்தச் செயலி உங்கள் குறுஞ்செய்திகளைத் திருட்டுத்தனமாகப் படிக்கும். பேங்க் அனுப்பும் எண்ணும் அவன் கைக்குப் போய்விடும். அந்த நிமிடத்தில் முதல் வேலை, அந்தப் போனின் இணையத்தை அணைப்பது. அடுத்து, வேறொரு போனிலிருந்து பேங்குக்கு அழைப்பது, 997-க்கு அழைப்பது. கெட்டுப்போன போனை வைத்துக்கொண்டே "ஹலோ ஹலோ" என்று கத்திப் பயனில்லை. கணக்கை உடனே முடக்கும் வசதி பல வங்கிகளின் செயலியிலும் உண்டு. அது எந்த மூலையில் இருக்கிறது என்று இன்றைக்கே தேடிப் பார்த்து வையுங்கள். வீடு எரியும்போது வாளியைத் தேடக்கூடாது.

இன்னொன்று. பேங்கின் அவசர எண் கார்டின் பின்புறத்தில் இருக்கிறது. கார்டு தொலைந்தால் எண்ணும் தொலைந்தது! அதனால் அந்த எண்ணையும் 997-ஐயும் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். பாட்டிக்கும் தெரியட்டும்.

வந்த செய்திகளை வெட்கப்பட்டு அழித்துவிடாதீர்கள். அவைதான் சாட்சி. படம் பிடித்து வைத்துக்கொண்டு போலீஸ் புகார் செய்யுங்கள். எந்த நிலையத்திலும் செய்யலாம். "எங்க ஊர் நிலையம் தூரம்" என்று நாளைக்குத் தள்ள வேண்டாம்.

இனி, சொல்லக் கசக்கும் ஒரு விஷயம். மேலே சொன்னேனே, யாரோ ஒரு சாதாரண ஆளின் கணக்கு என்று, அந்த ஆள் சில சமயம் நம் பிள்ளைதான். இதைக் கழுதைக் கணக்கு என்கிறார்கள். என்னிடம் வந்த ஒரு தாயாரின் மகன், ஐந்தாம் படிவம் முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தவன், 300 வெள்ளிக்குத் தன் ஏ.டி.எம். கார்டைக் கூட்டாளியிடம் "வாடகைக்கு" விட்டான். இரண்டு வாரத்தில் போலீஸ் வாசலில் நின்றது. "நான் யாரையும் ஏமாத்தலையே அண்ணே, கார்டுதானே குடுத்தேன்" என்று அழுதான். பேங்க் கணக்கும் முடங்கிப் போய், அப்போதுதான் கிடைத்த வேலையின் சம்பளத்தைக்கூட அவனால் வாங்க முடியவில்லை. 2024-இல் தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டு, கணக்கைப் பிறர் கையில் கொடுப்பதே குற்றமாக்கப்பட்டிருக்கிறது. "எனக்குத் தெரியாது" என்ற பேச்சு கோர்ட்டில் எவ்வளவு தூரம் எடுபடும்? பணம் அனுப்பும் முன் எதிராளியின் கணக்கு எண், போன் எண் ஆகியவற்றைச் சோதிக்க போலீசின் 'செமாக் மியூல்' என்ற சேவை இருக்கிறது. நம் பிள்ளையின் பெயரே அதில் ஏறிவிடாமல் பார்த்துக்கொள்வதும் நம் வேலை.

வெளிநாட்டு வேலை ஆசை காட்டுவோரும் இதே கூட்டம்தான். கம்போடியா, மியன்மார் எல்லைகளில் அடைத்து வைத்து, பிறரை ஏமாற்றும் வேலையைச் செய்ய வைக்கிறார்கள். 2022-இல் ஈப்போவைச் சேர்ந்த 23 வயது இளைஞர் ஒருவர் தாய்லாந்தின் மே சோட் நகரில் இறந்தது மாதங்கள் கழித்துத்தான் பெற்றோருக்குத் தெரிந்தது.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2024 ஜூலையில் இணையத்தில் இழிவாகப் பேசப்பட்டு நம் சமூகத்துப் பெண் ஒருவர் உயிரை விட்டார். தொல்லை கொடுத்தவர்களில் ஒருவருக்குக் கிடைத்த அபராதம் 100 வெள்ளி! நாடே கொதித்தது. அதன் பிறகு 2025 ஜூலையிலிருந்து பகடிவதைக்கெனத் தனிப் பிரிவுகள் அமலுக்கு வந்துள்ளன. படத்தைக் காட்டி மிரட்டினாலும் சரி, பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தால் மறுபடி கேட்பான். ஆண் பிள்ளைகளும் இதில் சிக்குகிறார்கள். மனம் உடைந்த பிள்ளை பேசுவதற்கு 15999 என்ற எண் இரவு பகலாக இயங்குகிறது.

1946, 47-ஆம் ஆண்டுகளில் இதே கெடாவில், பீடோங் ஹார்வர்டு தோட்டத்தில், ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை கிளம்பியது பெரியவர்களுக்கு நினைவிருக்கும், அல்லது அப்பா சொல்லிக் கேட்டிருப்பார்கள். கள்ளுக்கடையை எதிர்த்து நின்றவர்கள் படித்தவர்கள் அல்லர், தோட்டத்து இளைஞர்கள். அன்று எதிரி கண்ணுக்கு எதிரே கடை விரித்து உட்கார்ந்திருந்தான். இன்று எங்கே இருக்கிறான் என்றே தெரியவில்லை. ஆனாலும் வீட்டுக்கு வீடு போய்ச் சொல்ல அதே மாதிரி இளைஞர்கள் வேண்டும். கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஒரு அரை மணி நேரம் போதும். போன் தெரிந்த பிள்ளைகள் பெரியவர்களுக்குக் காட்டட்டும். பெரியவர்கள் அன்றைக்கு ஒரே ஒரு வாக்குக் கொடுக்கட்டும்: "என்ன நடந்தாலும் முதல்ல எங்கிட்ட சொல்லு, நான் திட்டமாட்டேன்" என்று. திட்டுவதைப் பேங்குக்குப் போய் வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்!

பணம் போனபின் பேங்க் கைவிரித்துவிட்டால் பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். அது தவறு. முதலில் பேங்குக்கு எழுத்து மூலம் முறையீடு செய்யுங்கள். பதில் திருப்தியில்லை என்றால், 2025 ஜனவரியிலிருந்து செயல்படும் நிதிச் சந்தைக் குறைதீர்ப்பு அமைப்பிடம் போகலாம். கடிதம் எழுதத் தெரியாதவர்கள், போலீஸ் புகார் நகலையும் பேங்க் அறிக்கையையும் எடுத்துக்கொண்டு உங்கள் தோட்டக் கிளைச் செயலாளரைப் பாருங்கள்.