மைக் செட் மாமாவின் பாட்டு வரிசை

குட்டீஸ்! 'பிளேலிஸ்ட்' என்ற சொல்லை அண்ணன், அக்கா சொல்லி அடிக்கடி கேட்டிருப்பீர்கள். எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு ஒலிக்க வேண்டும் என்று முன்கூட்டியே அடுக்கி வைத்த வரிசைதான் அது. செல்போனோடு பிறந்த சங்கதி என்று நினைத்துவிடாதீர்கள்!

ஆடி மாதம் திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி பக்கம் போய்ப் பாருங்கள். ஒருபுறம் சிப்காட் தொழிற்சாலைகள். மறுபுறம் கிராமங்களில் அம்மனுக்குக் கூழ் வார்த்தல். மைக் செட் கட்டியதும் முதலில் பிள்ளையார் பாட்டு. பெரும்பாலும் சீர்காழி கோவிந்தராஜன் குரல். அடுத்து எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாட்டுகள். சினிமாப் பாட்டெல்லாம் பிறகுதான். வரிசை மாறினால் ஊர்ப் பெரியவர்கள் சும்மா விடுவார்களா?

உங்கள் செல்போன் பாட்டை நீங்கள் மட்டும் கேட்கலாம். மைக் செட் பாட்டை ஊரே கேட்டாக வேண்டும். இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவர்களும் அதே தெருவில்தான் இருக்கிறார்கள். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவாக ஒலிபெருக்கி கூடாது என்கிறது 2000ம் ஆண்டின் மத்திய அரசு விதி. பாவம், பகலில் தூங்குகிறவர்களுக்கு அது உதவாது!

இசைத்தட்டுக் காலத்தில் மைக் செட்காரர் பாடு திண்டாட்டம். நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் அந்தத் தட்டில், ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிடம்தான் பாட்டு. அடுத்த தட்டோடு தயாராக நிற்க வேண்டும். பிறகு கேசட் வந்தது. பிடித்த பாட்டுகளைத் தாளில் எழுதி ரெக்கார்டிங் கடையில் கொடுத்தால், பதிந்து தருவார்கள். 60 நிமிட கேசட்டில் ஒரு பக்கம் 30 நிமிடம். கணக்குத் தப்பினால் கடைசிப் பாட்டு பாதியில் நின்றுவிடும்.

கர்நாடகக் கச்சேரியிலும் வரிசை உண்டு. முதலில் வர்ணம், பிறகு கீர்த்தனைகள், ராகம் தானம் பல்லவி, அப்புறம் சின்னச் சின்ன உருப்படிகள், முடிவில் மங்களம். இன்றும் பலர் பின்பற்றும் இந்த முறைக்கு வழி வகுத்தவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890-1967).

சரி, பிளேலிஸ்ட்டுக்குத் தமிழில் என்ன? 'பாட்டுப் பட்டியல்' என்கிறார்கள். மளிகைப் பட்டியலில் அரிசி முதலில் வந்தால் என்ன, பருப்பு வந்தால் என்ன? பாட்டில் அப்படி இல்லையே! 'நிரல்' என்றால் ஒழுங்கான வரிசை. நிகழ்ச்சி நிரல் என்கிறோம் இல்லையா? நன்னூலில் 'நிரல்நிறை' என்று ஒரு பொருள்கோளே உண்டு. எனக்கென்னவோ 'பாட்டு நிரல்'தான் பிடித்திருக்கிறது.

கம்ப்யூட்டரில் இன்னொரு வேடிக்கை. நிரலுக்குள் பாட்டே கிடையாது! பாட்டின் பெயரும், அது எங்கே இருக்கிறது என்ற விலாசமும்தான் இருக்கும். நிரலை அழித்தாலும் பாட்டு பத்திரமாக இருக்கும். இணையத்தில் கேட்கும் பாட்டுகளுக்கோ இது தலைகீழ். உரிமை முடிந்து நிறுவனம் பாட்டை எடுத்துவிட்டால், உங்கள் நிரலில் பெயர் மட்டும் மங்கலாகத் தெரியும்; தட்டினால் பாடாது.